துயரத்திற் பிறந்த செபகீதம்



'கொஸ்பல்' இசை என்றதும் கைதட்டலும் ஆரவாரமுமே நம்மிற் பலருக்கு நினைவில் வரும். ஆனால் அதன் அடியில் ஆழ்ந்த துயரமும் உண்டு. இதனை உணர, 'கொஸ்பல் இசையின் தந்தை' எனப் போற்றப்படும் தோமஸ் டோர்சியின் வாழ்வைச் சற்று நோக்குவோம்.

டோர்சி 1899ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்தில் ஒரு கறுப்பினக் குடும்பத்திற் பிறந்தார். தந்தை பப்டிஸ்ட் சபைப் போதகர். தாய் ஆலயத்தில் ஓர்கன் வாசிப்பவர். ஆயினும் இளம் டோர்சியை ஈர்த்தது 'புளூஸ்' எனும் உலகியல் இசையே. சிக்காகோ நகரிற் குடியேறிய அவர், புகழ்பெற்ற பாடகி மா றெய்னிக்குப் பியானோ வாசித்தார். 1928இல் 'ஜோர்ஜியா டொம்' என்ற பெயரில் அவர் பங்குகொண்ட இசைத்தட்டொன்று பெருமளவில் விற்பனையாயிற்று.

பின்னர் அவர் பக்திப் பாடல்களை இயற்றலானார். அவற்றிலும் புளூஸ் இசையின் சாயல் இருந்தது. களியாட்ட இசைக்கு ஆலயத்தில் இடமில்லையென ஆலயங்கள் பல கதவடைத்தன. அவர் சோர்ந்துவிடவில்லை.

1932 ஓகஸ்டில் பேரிடி விழுந்தது. பாடல் பணிக்காக அவர் சென் லூயிஸ் நகருக்குச் சென்றிருந்த வேளை, மனைவி நெற்றி பிரசவத்தில் இறந்துவிட்டதாகத் தந்தி வந்தது. பிறந்த ஆண் குழந்தையும் விரைவில் இறந்தது. இறைவன் தனக்கு அநீதி செய்துவிட்டாரென்றே டோர்சி மனம் கசந்தார். ஆனால் சில நாட்களின் பின் பியானோவின் முன் அமர்ந்தபோது, தன் கரம்பற்றி நடத்துமாறு ஆண்டவரை இறைஞ்சும் ஒரு செபம் அவருள்ளத்தில் எழுந்தது. பழைய பாமாலையொன்றின் இராகத்தைத் தழுவிய அப்பாடல் உலகெங்கும் பரவியது. 1968இல் மார்ட்டின் லூதர் கிங்கின் இறுதிச் சடங்கில் மகேலியா ஜாக்சன் பாடியதும் அதனையே.

சிக்காகோவின் பில்கிறிம் பப்டிஸ்ட் ஆலயப் பாடகர் குழுவைப் பல தசாப்தங்கள் நெறிப்படுத்திய டோர்சி, 1993இல் இறைபதம் அடைந்தார்.

இவ்வாழ்வு நமக்குப் புகட்டும் பாடங்கள் இரண்டு. முதலாவது, மக்களின் இசையை இழிவாக எண்ணலாகாது. மறைபரப்பு நாடுகளின் இசை மரபுகளுக்குரிய மதிப்பை 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கமும் வலியுறுத்தியது. இரண்டாவது, மனக்கசப்பையும் மறைக்காது இறைவனிடம் எடுத்துச் செல்லலாம். திருப்பாடல்களின் ஆசிரியர்களும் அவ்வாறே முறையிட்டனர்.

உங்கள் வீட்டில் துயரம் குடிகொண்டிருக்கிறதா? இன்றிரவு குடும்பச் செபத்தில் அதனை ஆண்டவரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். சொற்கள் வராவிடின், ஒன்றுகூடி ஒரு பாடலைப் பாடுங்கள், அதுவும் செபமே.