வீட்டில்தானே இருக்கிறாய்?

எனக்கு முடக்குவாதம் வந்து 11 ஆண்டுகள் ஆகின்றன. பெரியவர்கள் இதைச் சரவாங்கி என்பார்கள். கடந்த 4 ஆண்டுகளாக வீட்டிலிருந்தே சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதி, ஜிஎஸ்டி தாக்கல் செய்துகொடுக்கிறேன். அக்கம்பக்கத்திலும் உறவிலும் அடிக்கடி காதில் விழும் சில நம்பிக்கைகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

நம்பிக்கை: வீட்டிலிருந்து வேலை என்றால் பாதி ஓய்வு.

உண்மை: பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகவேண்டியதில்லை; அது பெரிய நிம்மதிதான். ஆனால் வேலை குறைவதில்லை. மாதாமாதம் தாக்கல் செய்யும் கடைக்கு 20ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-3பி படிவம் போட்டாக வேண்டும். வரி கட்டவேண்டியவர் தாமதித்தால் நாளுக்கு 50 ரூபாய் கட்டணம். என் விரல் வீங்கியிருக்கிறது என்று அந்தத் தேதி தள்ளிப்போகாது.

காலை எழுந்ததும் விரல்கள் மடங்காது. மூட்டுத் தேய்மானத்தில் விறைப்பு பெரும்பாலும் அரை மணிக்குள் விட்டுவிடும். முடக்குவாதத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேலும் நீடிக்கும். பக்கெட் வெந்நீரில் இரு கைகளையும் முக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். கட்டைவிரல் சுண்டுவிரலைத் தொட்ட பிறகுதான் காபி டம்ளரைத் தூக்குவேன், அதுவும் இரண்டு கையாலும். 9 மணிக்குக் கணினி முன்னால் உட்கார, 6 மணிக்கே எழுந்தாக வேண்டும். அந்த 3 மணி நேரத்துக்குச் சம்பளம் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமையும் எனக்கு விடுமுறை இல்லை. இந்த நோய்க்கான மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரையைச் சனிக்கிழமை இரவு போடுகிறேன். குமட்டலும் அசதியும் ஞாயிறோடு போகட்டும் என்றுதான். (இந்த மாத்திரை வாரத்துக்கு ஒரு நாள் மட்டுமே. தவறுதலாகத் தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. அட்டையின் மேல் கிழமையை எழுதி வையுங்கள்.)

நம்பிக்கை: மூட்டுவலி வயதானவர்களுக்குத்தான் வரும், உன்னைப் பார்த்தால் நோயாளி மாதிரியே இல்லை.

உண்மை: உடலின் எதிர்ப்புச் சக்தியே மூட்டின் உள்சவ்வைத் தாக்குவதால் வரும் நோய் இது. பெரும்பாலும் 30 முதல் 60 வயதுக்குள் தொடங்கும். ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம். இந்த நோயின் களைப்பு முகத்தில் தெரியாது.

நம்பிக்கை: அசையாமல் உட்கார்ந்திருந்தால் வலி வராது.

உண்மை: அசையாத மூட்டு விறைக்கும். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நடக்கிறேன். அதைப் பார்த்து "வேலை இல்லையா?" என்று கேட்காதீர்கள்.

நம்பிக்கை: நாள்பட்ட நோயாளிகளைச் சட்டம் பார்த்துக்கொள்ளும்.

உண்மை: 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைச் சொல்கிறது. பார்க்கின்சன் நோய், ஹீமோஃபிலியா, தலசீமியா எல்லாம் அதில் உண்டு. முடக்குவாதத்தின் பெயர் இல்லை. மூட்டு கெட்டு நடமாட்டமோ கைப்பயன்பாடோ குறைந்தால் இயக்கக் குறைபாடு என்று அளந்து சான்றிதழ் தருவார்கள். வேலை இடஒதுக்கீடு போன்ற சலுகைகளுக்கு 40 சதவீதம் வேண்டும். நல்ல மருந்தால் மூட்டைக் காப்பாற்றிக்கொண்டவருக்கு அந்த அளவு வராது. வலி மட்டும் இருக்கும். இது சட்டத்தில் உள்ள பெரிய ஓட்டை என்பது என் உறுதியான எண்ணம்.

நம்பிக்கை: வீட்டில் இருப்பவர்தான் வீட்டு வேலைகளையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

உண்மை: என்னை அதிகம் வருத்தியது இதுதான். கூரியர், பால்காரர், குழாய் ரிப்பேர் என்று எல்லாவற்றுக்கும் வாசலுக்குப் போவது நான்தான். போன மாதம் 20ஆம் தேதி, தாக்கலுக்கு நடுவில் காஸ் சிலிண்டர் வந்தது. 14.2 கிலோ காஸ். இரும்போடு சேர்த்தால் ஏறக்குறைய 30 கிலோ. வாசலில் இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள். வீட்டில் யாருமில்லை. அடுப்படி வரை உருட்டிக்கொண்டு போனேன். மறுநாள் மணிக்கட்டு வீங்கி, இரண்டு நாள் பேனாகூடப் பிடிக்க முடியவில்லை. என் வீட்டார் கெட்டவர்கள் இல்லை. நான் வேலை நேரத்தில் இருக்கிறேன் என்பது அவர்களுக்குத் தோன்றவே இல்லை.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால், சிலிண்டர் வாங்கி வைக்கச் சொல்லும் முன், இன்றைக்குக் கை எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.