செத்த ஆட்டின் குடல் சொல்லும் சேதி

சிறுமலை அடிவாரத்திலும் அதைச் சுற்றியுள்ள திண்டுக்கல் சமவெளிக் கிராமங்களிலும் பத்து ஆடுகளை நம்பிக் குடும்பம் நடத்துவோர் பலர். மாலையில் மேய்ந்து வந்த ஆடு காலையில் பட்டியில் செத்துக் கிடந்தால், 'பூச்சி தீண்டிவிட்டது', 'விஷச் செடியைத் தின்றிருக்கும்' என்று சொல்லிப் புதைத்து விடுகிறோம். நான்கு நாள் கழித்து அடுத்த ஆடும் படுத்துவிடும். முதல் ஆடு செத்த காரணத்தை அன்றே அறிந்திருந்தால் மற்றவற்றைக் காப்பாற்றியிருக்கலாம். அதை அறிய உதவும் வழிகளில் ஒன்று, குடல் திசுவை மைக்ராஸ்கோப் எனும் நுண்ணோக்கியில் பார்ப்பது.

எந்த இடத்துத் திசு?

ஆட்டுக் குடலைக் கழுவிச் சமைக்கும் வீடுகளில் இந்தப் பாடம் ஏற்கெனவே பாதி தெரியும். சொரசொரவென்று துவாலை போலிருப்பது பெருவயிறு. தேன்கூடு போல் கட்டம் கட்டமாக இருப்பது இரண்டாம் வயிறு. புத்தக ஏடு போல் மடிப்பு மடிப்பாக இருப்பது மூன்றாவது. வழவழப்பாக இருப்பது நான்காவதான உண்மை வயிறு. கை தடவி அறிவதையே ஆய்வுக்கூடத்தில் கண்ணாடி வழியாக அறிகிறார்கள்.

திசுத் துண்டை மெழுகில் பதித்து, ஒரு மில்லி மீட்டரில் இருநூறில் ஒரு பங்கு கனத்துக்குச் சீவி, சாயம் ஏற்றுவார்கள். உயிரணுக்களின் உட்கரு நீலமாகவும் மற்றவை இளஞ்சிவப்பாகவும் தெரியும். உணவுப் பாதை நெடுகிலும் உள்ளிருந்து வெளியே நான்கு அடுக்குகள் உண்டு: உட்சவ்வு, அதன் அடிச்சவ்வு, தசை, வெளியுறை. இடத்துக்கு இடம் அதிகம் மாறுவது உட்சவ்வுதான்.

முதல் மூன்று வயிறுகளின் உட்சவ்வு, நம் உள்ளங்கால் தோலைப் போலப் பல வரிசை உயிரணுக்கள் அடுக்கிய தடித்த சவ்வு. சுரப்பிகள் இரா. நான்காம் வயிற்றில் ஒற்றை வரிசை உயிரணுக்களும், அவற்றின் கீழே நெருக்கமாகச் சுரப்பிகளும் இருக்கும். சிறுகுடலில் விரல் விரலாகக் குடலுறிஞ்சிகள் நிற்கும். அதன் தொடக்கத்தில் அடிச்சவ்விலும் சுரப்பிகள் தெரியும். கடைசிப் பகுதியில் நோய் எதிர்ப்பு அணுக்கள் திட்டுத் திட்டாகக் கூடியிருக்கும். பெருங்குடலில் குடலுறிஞ்சிகளே இல்லை. சளி சுரக்கும் அணுக்கள் மிகுதி.

நோய் எப்படித் தெரிகிறது?

நல்ல திசுவின் அமைப்பை அறிந்த கண்ணுக்குக் கெட்டது உடனே புலப்படும். குட்டிகளுக்கு வரும் இரத்தக் கழிச்சலில், அந்நோயின் ஒட்டுண்ணிகள் குடல் உட்சவ்வின் அணுக்களுக்குள்ளேயே இருக்கும். தீனி தின்றும் மாதக்கணக்கில் இளைத்துக்கொண்டே போகும் ஆட்டில், சிறுகுடலின் கடைசிப் பகுதி தடித்து, தனிச் சாயம் ஏற்றினால் சிவந்த கிருமிகள் கூட்டமாகத் தெரிந்தால் அது ஜோனே நோய். ஆட்டுக்கொல்லி நோயில் உட்சவ்வு அரிக்கப்பட்டு, பல உட்கருக்கள் கொண்ட பெரிய அணுக்கள் காணப்படும்.

இந்த ஆட்டுக்கொல்லி நோய் இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது நம் தமிழ்நாட்டில்தான். 1987-ல், அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்து அரசூர் கிராமத்தின் செம்மறிகளில் கண்டார்கள். பார்வைக்கு இது மாடுகளின் வெக்கை நோயை ஒத்தது. குடல் திசுவிலும் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். வேறு ஆய்வுக்கூடச் சோதனைகளே இரண்டையும் பிரித்துக் காட்டின. வெக்கை நோய் 2011-ல் உலகிலிருந்தே ஒழிந்தது. ஆட்டுக்கொல்லி இன்னும் ஒழியவில்லை. ஆனால் தடுப்பூசி உண்டு. அரசூரில் எடுத்த கிருமியிலிருந்தே ஒரு தடுப்பூசி உருவாக்கப்பட்டது.

நேரமே முக்கியம்

குடலின் உட்சவ்வு, உயிர் போன சில நிமிடங்களிலேயே கெடத் தொடங்கும். நம் ஊர் வெயிலில் சில மணி நேரத்தில் குடலுறிஞ்சிகள் உதிர்ந்துவிடும். பிறகு எவ்வளவு நல்ல நுண்ணோக்கி இருந்தும் பயனில்லை. ஆகவே ஆடு செத்தது தெரிந்தவுடன் நிழலில் இழுத்துப் போட்டு, கால்நடை டாக்டருக்கோ 1962 என்ற எண்ணுக்கோ தகவல் தாருங்கள். 'சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம்' என்று விடாதீர்கள்.

டாக்டர் மாதிரி எடுக்கையில் கவனியுங்கள். அரை சென்டி மீட்டர் கனத்துக்கு மேற்படாமல், புண்பட்ட இடமும் நல்ல இடமும் சேர்ந்தாற்போல் வெட்டுவார். கடையில் கிடைக்கும் பார்மலின் ஒரு பங்குக்குத் தண்ணீர் ஒன்பது பங்கு கலந்து, திசுவைப்போல் பத்து மடங்கு கரைசலில் போடுவார். இதை ஐஸில் உறைய வைக்கக் கூடாது. கிருமி சோதனைக்கான மாதிரி வேறு. அது பார்மலின் படாமல் ஐஸ் பெட்டியில் போக வேண்டும். இரண்டையும் மாற்றினால் இரண்டும் வீண்.

திறக்கக் கூடாத ஆடு

மூக்கு, வாய், ஆசனவாய் வழியே உறையாத கறுத்த இரத்தம் வடிந்து, வயிறு விரைவாக உப்பிய ஆட்டை யாரும் அறுக்கக் கூடாது, தோலுரிக்கக் கூடாது, கறிக்கும் எடுக்கக் கூடாது. அது அடைப்பான் நோயாக இருக்கலாம். அது மனிதருக்கும் தொற்றும். நாய் கிளறாதபடி காவல் வைத்து, டாக்டர் வந்து சொல்லும்படி செய்யுங்கள்.

ஆடு சாகும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. கழிச்சல் கண்ட குட்டியின் புதுச் சாணத்தைச் சுத்தமான பாலிதீன் பையில் எடுத்து, அன்றே கால்நடை மருந்தகத்தில் கொடுத்தால், ஒட்டுண்ணியின் முட்டைகளை நுண்ணோக்கியில் பார்த்துச் சொல்வார்கள். ஆட்டுக்கொல்லித் தடுப்பூசி எந்த வயதில் போடுவது என்பதையும் அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

செத்த ஓர் ஆட்டை மீட்க முடியாது. ஆனால் அதன் குடலில் ஒரு சிறு துண்டு, கெடும்முன் போய்ச் சேர்ந்தால், பட்டியிலுள்ள மற்ற ஒன்பதையும் காக்க வழி காட்டும்.