சளிக்குக் கடையில் கொடுக்க வேண்டியதும் கூடாததும்



மார்கழி, தை மாதங்களில் நம் ராயக்கோட்டை, ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பகுதிகளில் பனி அதிகம். விடியற்காலையில் தக்காளி மண்டிக்கு வருபவர் முதல் கடை திறக்கும் பையன் வரை பலர் மூக்கை உறிஞ்சிக்கொண்டுதான் நிற்பார்கள். "சளிக்கு ஏதாவது குடுங்கண்ணா" என்று மக்கள் முதலில் கேட்பது டாக்டரிடம் அல்ல, மளிகைக் கடையில்தான். ஆகவே எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது என்று நாம் தெரிந்து வைத்திருப்பது அவசியம்.

சளி ஏன் வருகிறது?

பனி மட்டும் சளியை உண்டாக்குவதில்லை. சளியை உண்டாக்கும் வைரஸ் கிருமிகள் 200க்கும் மேற்பட்டவை. அவற்றில் ரைனோ வைரஸ் முதலிடம் பெறுகிறது. குளிர் காலத்தில் கதவு, ஜன்னலைச் சாத்திக்கொண்டு எல்லோரும் நெருங்கி இருப்பதும் அது எளிதாகப் பரவ ஒரு காரணம். சாதாரணச் சளி பெரும்பாலும் 7 முதல் 10 நாட்களில் தானாகவே குணமாகிவிடும். இருமல் மட்டும் இன்னும் சில நாள் இழுக்கலாம்.

ஆன்டிபயாடிக் மாத்திரை பாக்டீரியாவுக்கு உரியது. வைரஸிடம் அது பலிக்காது. சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறிவிட்டது என்பதற்காக மட்டும் அதை விழுங்க வேண்டியதில்லை. தேவையின்றிச் சாப்பிட்டால், பிற்பாடு உண்மையிலேயே தேவைப்படும்போது அது வேலை செய்யாமல் போகும்.

வீட்டில் செய்யத் தக்கவை

1. உப்பு: தொண்டை வலிக்கு ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரை டீஸ்பூன் உப்பு கலந்து, தினம் மூன்று, நான்கு முறை கொப்பளிக்கலாம்.

2. தேன்: இருமலுக்கு இரவில் ஒரு டீஸ்பூன் நல்லது. ஆனால் ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு நாக்கில் தடவக்கூடக் கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி பச்சைக் குழந்தையின் குடலில் விஷத்தை உண்டாக்கும்.

3. சுக்கு, மிளகு, இஞ்சி: சுக்கு மல்லிக் காபியும் மிளகு ரசமும் தொண்டைக்கு இதம் தரும், உடம்புக்கு வேண்டிய நீரும் சேரும். ஆனால் "இதைக் குடித்தால் கிருமி செத்துப்போகும்" என்று சொல்லி விற்பது நியாயமல்ல. அதிமதுரம் அதிகமானால் இரத்த அழுத்தத்தை ஏற்றும். பிரஷர் உள்ளவர் கேட்டால் இதைச் சொல்லிவிடுங்கள்.

4. ஆவி பிடித்தல்: பெரியவர்கள் கவனமாகப் பிடிக்கலாம். சிறுவர்களுக்கு வேண்டாம்; கொதிநீர்ப் பாத்திரம் கவிழ்ந்து வெந்துபோகும் ஆபத்து உண்டு.

5. காய்ச்சல், உடல்வலி: பெரியவர்களுக்குப் பாராசிட்டமால் 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்று, 6 மணி நேர இடைவெளியில், நாளைக்கு நான்குக்கு மேற்படாமல் போதும். பல சளி மாத்திரைகளிலும் இதே மருந்து கலந்திருக்கிறது. இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டால் அளவு மீறி ஈரல் கெடும். சளி மாத்திரைகள் பலவும் தூக்கத்தை வரவழைக்கும். லோடு ஏற்றிச் செல்லும் டிரைவர் அதைப் போட்டுக்கொண்டு ஸ்டியரிங் பிடிக்கக் கூடாது.

குழந்தைகளுக்குச் சிரப் வேண்டாம்

2025-ஆம் ஆண்டு மத்தியப் பிரதேசம் சிந்த்வாரா மாவட்டத்தில் 'கோல்ட்ரிப்' என்ற இருமல் சிரப்பைக் குடித்த குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து, இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அந்தச் சிரப் தயாரானது நம் தமிழ்நாட்டில், காஞ்சிபுரம் மாவட்டத்தில். தொழிற்சாலைகளில் பயன்படும் டைஎத்திலீன் கிளைக்கால் என்னும் நச்சு 48.6 சதவீதம் இருந்ததைத் தமிழக மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை கண்டுபிடித்தது. அனுமதிக்கப்பட்ட அளவோ 0.1 சதவீதம்தான். அக்டோபரில் அந்தக் கம்பெனியின் உரிமம் ரத்தானது. இரண்டு வயதுக்குட்பட்டோருக்குச் சளி, இருமல் மருந்து எழுதக்கூடாது, ஐந்து வயதுக்குக் கீழ் பொதுவாகவே பரிந்துரைக்கத் தக்கதல்ல என்று மத்திய சுகாதாரத் துறை அதே மாதம் அறிவுறுத்தியது.

அரிசியில் கல் இருந்தால் வாடிக்கையாளர் திருப்பிக் கொடுப்பார்; மாற்றித் தருவோம். இந்தச் சரக்கைத் திருப்ப முடியுமா? மருந்து உரிமம் இல்லாத நாம், வியாபாரம் போகிறதே என்று நாலு பாட்டில் வாங்கி அலமாரியில் வைக்கலாகாது. தெரிந்தவர் கேட்டாலும் டாக்டரிடம் போகச் சொல்வதே அவருக்கு நாம் செய்யும் உதவி.

கடையில் பரவாமல் தடுக்க

எச்சில் தொட்டு நோட்டு எண்ணும் பழக்கத்தை விடுவோம். ஒரு கிண்ணத்தில் ஈரப் பஞ்சு போதும். கவரை வாயால் ஊதிப் பிரித்துச் சர்க்கரை போடுவதும் வேண்டாம். கல்லாவில் உட்காருபவர் அடிக்கடி சோப்புப் போட்டு 20 விநாடி கை கழுவ வேண்டும். சளி பிடித்த பையனைப் பொட்டலம் கட்ட விடாமல் இரண்டு நாள் ஓய்வு கொடுங்கள், சம்பளத்தைப் பிடிக்காதீர்கள். பிடித்தால் மறைத்துக்கொண்டு வருவான். கடை முழுக்கப் பரவும்.

உடனே ஆஸ்பத்திரிக்கு

குழந்தைக்கு மூச்சு வாங்கினால், விலாவுக்குக் கீழே குழி விழுந்தால், பால் குடிக்காமல் துவண்டால், காத்திருக்கக் கூடாது. ஒரு வயது முதல் ஐந்து வயது வரை நிமிடத்துக்கு 40 அல்லது அதற்கு மேல் மூச்சு விட்டால் நிமோனியாவாக இருக்கலாம். மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் வந்தாலே டாக்டரிடம் காட்ட வேண்டும். பெரியவர்களுக்கு மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, சளியில் இரத்தம், மூன்று நாளுக்கு மேல் காய்ச்சல் இருந்தால் தாமதம் கூடாது. ஆஸ்துமா, சர்க்கரை நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் முன்னதாகவே காட்டிக்கொள்வது நல்லது. இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினால் காசநோய்க்கான சளிப் பரிசோதனை தேவை. அரசு மருத்துவமனையில் இது இலவசம். அவசரத்துக்கு 108.

சுக்கும் மிளகும் தாராளமாக விற்போம். மருந்தை மருந்துக் கடைக்கு விட்டுவிடுவோம். மேலே சொன்ன அபாய அறிகுறிகளை ஒரு அட்டையில் எழுதிக் கல்லாப்பெட்டி அருகே மாட்டி வையுங்கள். நம் கடைக்கு வரும் ஒரு குழந்தை அதனால் பிழைத்தாலும் நமக்கு அது பெரிய லாபம்.