சங்கிலி வாளைக் கையாளும் முறை

2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் தேதி அதிகாலையில் வேதாரண்யத்திற்கு அருகே கரை கடந்த ‘கஜா’ புயல், பட்டுக்கோட்டை, பேராவூரணி முதலிய பகுதிகளின் தென்னந்தோப்புகளைச் சாய்த்துச் சென்றது. விழுந்த மரங்களை அகற்றக் கோடரி போதவில்லை. பெட்ரோலால் இயங்கும் சங்கிலி வாள் தேவைப்பட்டது. பல நாள் வேலையைச் சில மணி நேரத்தில் முடித்துத் தரும் இக்கருவி, பழகாதவர் கையில் ஒரு கணத்தில் அங்கஹீனத்தை விளைவிக்கவும் வல்லது. ஆதலின், அதனை வாங்கவோ வாடகைக்கு எடுக்கவோ எண்ணும் அங்கத்தினர்கள் இரண்டு உண்மைகளை முதலில் மனத்திற் கொள்ளவேண்டும்.

முதலாவது, வாளின் துள்ளல். தட்டையான அலகைச் சுற்றிச் சங்கிலி நொடிக்குச் சுமார் 20 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அலகு முனையின் மேற்பாதி மரத்திலோ கல்லிலோ பட்டால், பற்கள் சிக்கி, அலகு மேலெழும்பி இயக்குபவரின் முகத்தை நோக்கித் திரும்பும். விலகிக்கொள்ள அவகாசம் இராது. எனவே, அலகின் முனையால் அறுத்தல் கூடாது. முன்பிடியை இடக்கையாலும் பின்பிடியை வலக்கையாலும், கட்டைவிரல் பிடியைச் சுற்றி வளைந்திருக்குமாறு பற்றவேண்டும். அலகின் நேர்க்கோட்டில் நில்லாமல் சற்று இடப்புறம் ஒதுங்கி நிற்க வேண்டும். தோளுக்கு மேல் வாளை உயர்த்துவதும், ஏணிமேல் நின்று அறுப்பதும் அறவே விலக்கத்தக்கவை. முன்பிடியை அடுத்துள்ள காப்புத் தகட்டை முன்னே தள்ளினால் சங்கிலி உடனே நிற்கவேண்டும். இத்தடையை அன்றாடம் சோதித்த பின்னரே வேலை தொடங்குக.

இரண்டாவது, சாய்ந்த மரத்தினுள் அடங்கியுள்ள விசை. நெசவாளர் இதனை எளிதில் உணர்வர். இறுக்கிய பாவில் ஓர் இழை அறுந்தால் இரு முனைகளும் சுண்டி விலகும். தொய்ந்த நூலோ கிடந்த இடத்திலேயே கிடக்கும். மரமும் அவ்வாறே. இரு முனைகளும் தாங்கப்பட்டு நடுவில் தொங்கும் தண்டின் மேற்புறம் நெருக்குண்டும், அடிப்புறம் இழுபட்டும் இருக்கும். மேலிருந்தே முழுவதும் அறுத்தால் வெட்டு மூடி அலகைக் கவ்விக்கொள்ளும். ஆகவே, மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு அறுத்து, எஞ்சியதைக் கீழிருந்து அறுக்கவேண்டும். ஒரு முனை மட்டும் தாங்கப்பட்டு மறுமுனை அந்தரத்தில் நின்றால், முதல் வெட்டு அடிப்புறத்தில் அமையவேண்டும். கீழிருந்து அறுக்கையில் வாள் நம்மை நோக்கித் தள்ளும்; பிடி தளரலாகாது. வேரோடு சாய்ந்த மரத்தை அறுத்ததும் வேர்க்கட்டு குழியை நோக்கித் திடீரென நிமிரக்கூடும். அங்கே எவரும், குறிப்பாகக் குழந்தைகள், நிற்கலாகாது.

தொங்கும் வேட்டியும் தோளில் துண்டும் இவ்வேலைக்கு ஆகா. உடலோடு ஒட்டிய ஆடை, தலைக்கவசம், கண்ணாடி, காதுக் காப்பு, காலுறை, கெட்டியான பூட்ஸ் ஆகியவை அவசியம். யந்திரம் ஆறிய பின்னரே பெட்ரோல் ஊற்றி, அவ்விடத்திலிருந்து 3 மீட்டராவது விலகிச் சென்று இயக்குக. இயக்கும்போது வாளைத் தரையில் வைத்து, தடையைப் போட்டு, பின்பிடியைக் காலால் அழுத்திக்கொண்டு கயிற்றை இழுக்கவேண்டும். தூளுக்குப் பதிலாக மாவு போல் மரம் உதிர்ந்தால் சங்கிலி மழுங்கிவிட்டது என்பது பொருள்; அதைத் தீட்டாமல் அழுத்தி அறுப்பது ஆபத்தை வலிந்து அழைப்பதாகும்.

வாளை வாடகைக்கு விடும் சங்கங்கள் காப்பு உடைகளையும் அதனுடனேயே வழங்குதல் நலம். அதனால் வாடகை சிறிது கூடலாம். ஆயினும் ஓர் அங்கத்தினர் கையையோ காலையோ இழந்தால், அந்த நஷ்டத்தை எந்த ஆண்டின் இலாபத்தாலும் ஈடுசெய்ய இயலாது.