வாக்குரிமையும் வாழ்க்கை நிலையும்

"நம்மூரவர் ஒருவர் அமைச்சரானால் நம் நிலை உயர்ந்துவிடுமன்றோ?" என்று உயர்வகுப்பு மாணவர் வினவுவதுண்டு. ஆம் என்றோ அன்று என்றோ ஒரு சொல்லில் விடை கூறல் அரிது. அமெரிக்கக் கறுப்பின மக்களின் அண்மை வரலாறும், கல்முனை முதல் பொத்துவில் வரை நீண்டு கிடக்கும் நம் கரையோர முஸ்லிம் ஊர்களின் வரலாறும் இவ்வினாவை ஆராய்வதற்குத் தக்க சான்றுகளாம்.

அமெரிக்கத் தென்மாநிலங்களில் கறுப்பினத்தவர் வாக்களியாவண்ணம் நெடுங்காலம் இடப்பட்டிருந்த தடைகளை 1965 ஓகஸ்ட் 6ஆம் நாள் கையொப்பமிடப்பட்ட வாக்குரிமைச் சட்டம் தகர்த்தது. 1970இல் அந்நாடெங்கும் தேர்தலாற் பதவி பெற்ற கறுப்பினத்தவர் 1,469 பேர். 2000இல் அவர் தொகை 9,000ஐத் தாண்டிற்று. 1973இல் அத்லாந்தா நகர முதல்வராகத் தெரிவான மேனாட் ஜாக்சன் என்பார், புதிய விமான நிலைய ஒப்பந்தங்களில் நாலிலொரு பங்கு சிறுபான்மையோர் நிறுவனங்களைச் சேரவேண்டும் என்று விடாது நின்று சாதித்தார். 1966இல் அவ்வினத்தாருள் நூற்றுக்கு 42 பேர் வறியர். 2022இல் 17 பேர். இதற்கு வாக்கு மட்டுமே காரணமென்று கூறல் மிகையாகும். எனினும் வாக்குக்கும் அதிற் பங்குண்டு. ஆயின், வெள்ளையர் இல்லத்து வருவாயிற் கறுப்பினத்தார் இல்லம் பெறுவது அன்று ஏறக்குறைய ஐந்தில் மூன்று பங்கு. இன்றும் அது அதனின் மிக உயர்ந்துவிடவில்லை. சேர்த்துவைத்த சொத்திலோ 2022இல் இருசாராருக்குமிடையே ஆறு மடங்கு வேறுபாடு இருந்தது. பதவியால் வேலையும் ஒப்பந்தமும் வந்தன. பாட்டன் சேர்த்துப் பேரனுக்கு விடும் முதல் அவ்வாறு வரவில்லை.

இனி நம் கரைக்கு வருவோம். இங்கு வாக்குரிமை 1931 முதலே யாவர்க்கும் உண்டு; குறைவாயிருந்தது எண்ணிக்கையின் வலிமையே. தனித்தொரு உறுப்பினர் எதிர்க்கட்சியில் அமர்ந்து ஊருக்கு என்ன கொணர முடியும்? 1956இல் தமிழரசுக் கட்சியின் சார்பிற் கல்முனையில் வென்ற எம். எஸ். காரியப்பரும் பொத்துவிலில் வென்ற எம். எம். முஸ்தபாவும் பின்னர் அரசின் பக்கம் சென்றனர். அதனை நம்மவர் பலர் துரோகமென்றனர். அக்காலத் தேர்தல் முறை அவர்களுக்கு வேறு வழியை அதிகம் வைத்திருக்கவில்லை என்பது என் கருத்து. முஸ்தபா 1959இல் நிதியமைச்சராகவே விளங்கினார். நாட்டின் பணப்பெட்டித் திறப்பே பொத்துவிற் பிரதிநிதியின் கையில்! ஆயின் அது சில திங்களே.

1977இற் கல்முனை மக்கள் ஆளுங்கட்சி உறுப்பினரையே தெரிந்தனுப்பினர். அதே அரசு இறக்குமதிக் கதவை அகலத் திறந்தது. பிறநாட்டுத் துணி மலிவாய் வந்திறங்க, மருதமுனைக் கைத்தறிகள் தளர்ந்தன. பாதையும் பாடசாலையும் உத்தியோகமும் உறுப்பினர் கேட்டுப் பெறத்தக்கவை. நூலின் விலையையும் துணியின் விலையையும் ஆளும் கொள்கையோ ஓர் ஊரின் பொருட்டு மாறவில்லை.

எண்ணிக்கை வலிமை வந்த வரலாறு சுவையானது. 1978ஆம் ஆண்டின் அரசியல் யாப்பு விகிதாசார முறையைக் கொணர்ந்தபோது, ஒரு மாவட்டத்தில் எட்டிலொரு பங்கு வாக்குப் பெறாத கட்சிக்கு அம்மாவட்டத்தில் ஆசனமில்லை என விதித்தது. அம்பாறையில் முஸ்லிம்கள் பெருந்தொகையினர். அவர்க்கு அவ்விதி தடையன்று. அவர்கள் சிதறி வாழும் பிற மாவட்டங்களிலோ அது பெருந்தடை. 1988 டிசம்பரிற் பதினைந்தாம் திருத்தம் அவ்வெல்லையை இருபதிலொன்றாக்கிற்று. அதற்காக முஸ்லிம் காங்கிரசுத் தலைவர் எம். எச். எம். அஷ்ரப் வாதாடியமை பலரும் அறிந்ததே. 1994இற் பாராளுமன்ற ஆசனங்கள் 225. பொதுசன ஐக்கிய முன்னணி பெற்றவை 105. பெரும்பான்மைக்கு வேண்டியவை 113. முஸ்லிம் காங்கிரசின் ஏழும் மலையகத்து உறுப்பினர் ஒருவரின் ஆசனமும் சேரவே அக்கணக்கு நிறைந்தது. மாணவர் இதனைக் கூட்டிப் பார்க்க.

அவ்வேழின் பயன் கண்கூடு. 1990இன் பின் போரினால் யாழ்ப்பாண, கிழக்குப் பல்கலைக்கழகங்களிற் கற்கவியலாது நின்ற முஸ்லிம் மாணவர்க்கென 1995இல் ஒரு பல்கலைக்கழகக் கல்லூரி தோன்றி, 1996இல் தென்கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. இன்று அங்கே எல்லா இனத்துப் பிள்ளைகளும் பயில்கின்றனர். நம் பழைய மாணவர் சிலர்க்கும் அதுவே பட்டமளித்த இடம். அஷ்ரப் கனவு கண்ட ஒலுவில் துறைமுகத்தின் கதை வேறு. அவர் 2000இல் ஹெலிகொப்டர் விபத்தில் மறைந்தார். டென்மார்க்கின் கடனுதவியோடு 2008இல் வேலை தொடங்கி 2013இற் துறைமுகம் திறக்கப்பட்டது. வாயிலில் மணல் சேர்ந்து படகுகளும் புக வழியற்றுப் போயின. வடபாற் கரையைக் கடல் அரித்தது. அமைச்சர் ஒருவர் துறைமுகம் வேண்டும் என்று சாதிக்கலாம். மணலின் ஓட்டம் அதனைக் கேளாது.

நம் தமிழ்மக்களுக்கும் இதிற் பாடமுண்டு. அம்பாறை மாவட்டத்திற் தமிழர் 2012ஆம் ஆண்டுக் கணக்கின்படி நூற்றுக்குப் பதினேழு பேர். 2020ஆம் ஆண்டுத் தேர்தலில் அவர் வாக்குகள் இரு கட்சிகளுக்குப் பிரிந்தமையால் மாவட்டத்திலிருந்து ஒரு தமிழரும் தெரிவாகவில்லை. 2024இல் ஒருவர் தெரிவானார். அவ்வாண்டு நவம்பரில் அமைக்கப்பட்ட அமைச்சரவையில் முஸ்லிம் அமைச்சர் ஒருவரும் இடம்பெறாமை அயலூர்களிற் பெரிதும் பேசப்பட்டது. அயலவரின் அவ்வருத்தத்தை நம்மவர் எளிதில் உணர்வர்.

மாணவர்க்கு ஒரு வேலை தருகின்றேன். மருதமுனைக்குச் சென்று, 1977இற்கு முன் ஒரு தெருவில் எத்தனை தறிகள் ஓடின, இன்று எத்தனை ஓடுகின்றன, நூல் எங்கிருந்து வருகின்றது, துணி எங்கே விலையாகின்றது என்று முதியோரைக் கேட்டு எழுதி வருக. அதனருகே, அவ்வாண்டுகளில் நம் தொகுதிக்கு வாய்த்த உறுப்பினர், அமைச்சர் ஆகியோரின் பட்டியலையும் வரைக.