மோதிரத்தினுள் நுழையும் சால்வை

உருசிய நாட்டின் தென்பகுதியில், உரால் ஆற்றங்கரையில் ஒரென்புர்க் என்னும் நகரம் உள்ளது. புல்வெளிகள் சூழ்ந்த அந்நிலத்தில் குளிர்காலம் மிகக் கொடியது. தில்லியின் மார்கழிக் குளிர் அதன்முன் இளவேனில் போன்றது. அக்குளிரைத் தாங்குதற்கு அங்குள்ள வெள்ளாடுகளின் முரட்டு மயிருக்கு அடியில் மற்றுமோர் அடுக்கு மயிர் வளர்கிறது. பஞ்சு போன்ற இவ்வடிமயிரே ஒரென்புர்க் சால்வைக்கு மூலப்பொருள். காசுமீரத்துப் பஷ்மினாவும் ஆட்டின் அடிமயிரால் ஆனதே. ஆயினும் அது தறியில் நெய்யப்படுவது. இது ஊசிகளால் பின்னப்படுவது.

அடிமயிரைக் கத்தரிப்பதில்லை. குளிர்காலம் முடியும் வேளையில் அது தானே உதிரத் தொடங்கும். அப்போது சீப்பினால் வாரி எடுப்பர். முரட்டு மயிர்களைப் பொறுக்கி நீக்கி, நூலாக நூற்று, மெல்லிய பட்டு நூலுடனோ பருத்தி நூலுடனோ சேர்த்து முறுக்குவர்.

இச்சால்வைகளுள் மிக நுண்ணியது ‘சிலந்திவலை’ எனப்படும். விரித்தால் ஒருவரின் தோள்களை முழுதும் மூடும். சுருட்டினாலோ திருமண மோதிரத்தினுள் புகுந்து வெளிவரும்.

பின்னும் முறை வியப்பானது. ஊசியின்மேல் நூலை ஒருமுறை கூடுதலாகச் சுற்றினால் அடுத்த வரிசையில் அங்கே ஒரு துளை தோன்றும். ஆனால் கண்ணியின் எண்ணிக்கையும் ஒன்று கூடிவிடும். அதனைச் சரிசெய்ய அருகிலுள்ள இரு கண்ணிகளை ஒன்றாகச் சேர்த்துப் பின்னவேண்டும். இவ்வாறு துளைகளை அடுக்கியே ‘மீன்செதில்’, ‘பட்டாணி’, ‘பூனைப்பாதம்’, ‘எலித்தடம்’ முதலிய கோலங்களை உருவாக்குகின்றனர். பூனையும் எலியும் பகையின்றி வாழும் இடம் இச்சால்வை ஒன்றே போலும்! ஒரு துளை இடம் மாறினாலும் கோலம் சிதையும். ஒரு கண்ணி நழுவினால் அது பல வரிசைகள் கீழிறங்கி அவிழும். பல வார உழைப்பு அந்த ஒரு கண்ணியில் தொங்குகிறது. பின்னி முடித்த சால்வையைக் கழுவி, மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டி உலர்த்துவர். அப்போதுதான் சுருங்கிக் கிடந்த கோலம் முழுமையாகத் தெளிவுறும்.

பியோத்தர் ரிச்கோவ் என்னும் அறிஞர் 1766ஆம் ஆண்டில் இவ்வாட்டுமயிரைப் பற்றி எழுதினார். 1862ஆம் ஆண்டு இலண்டன் கண்காட்சியில் உஸ்கோவா என்னும் கோசாக் பெண்ணின் சால்வைகள் பதக்கம் பெற்றன. இவ்வாடுகளைப் பிரான்சு நாட்டிற்குக் கொண்டுசென்று வளர்க்கவும் முயன்றனர். அங்கே குளிர் குறைவாதலின், சில ஆண்டுகளில் அவற்றின் அடிமயிர் தன் மென்மையை இழந்தது என்பர்.

தொடக்கநிலையினர்க்கு இரண்டு ஊசிப் பின்னலைவிடக் குரோஷா எளிது. அதில் கொக்கியுடைய ஊசி ஒன்றே போதும். பெரும்பாலும் ஒரு கண்ணி மட்டுமே ஊசியில் இருப்பதால், நழுவினாலும் உடனே பிடித்துவிடலாம். முதலில் நூலில் சுருக்குக் கண்ணி இட்டு, அதனுள் கொக்கியை நுழைக்கவேண்டும். நூலைக் கொக்கியில் மாட்டிக் கண்ணியின் வழியே இழுத்தால் புதிய கண்ணி பிறக்கும். இதுவே சங்கிலிப் பின்னல். நூலை இறுகப் பிடித்தால் அடுத்த வரிசையில் கொக்கி நுழையாது. தளரவிட்டால் சங்கிலி கோணும். முதல் சங்கிலி பெரும்பாலும் கோணலாகவே அமையும். அதனை அவிழ்த்து அதே நூலால் மீண்டும் பின்னலாம்.

பயிற்சி

1. ஆட்டின் அடிமயிரை ஏன் சீப்பினால் வாரி எடுக்கின்றனர்?
2. துளை இட்டபின் இரு கண்ணிகளைச் சேர்த்துப் பின்னுவது எதற்காக?
3. பிரித்து எழுதுக: மூலப்பொருள், இவ்வடிமயிர், ஆற்றங்கரை.
4. வீட்டில் பின்னல் அறிந்தவரிடம் கேட்டு, அவர் முதலில் பின்னிய பொருளைப் பற்றி ஐந்து தொடர்கள் எழுதுக.