குறையுண்டியும் குடிநீரும்

தத்துவார்த்த சூத்திரத்தின் 9-ஆம் அத்தியாயம் கூறும் புறத்தவம் ஆறனுள், அநசனத்திற்கு அடுத்தது அவமோதரியம். அஃதாவது வயிறு நிறையுமுன் உண்பதை நிறுத்துதல். எடை குறைக்க விரும்பும் இல்லறத்தார்க்கு ஏற்ற வழி இதுவே. தஞ்சை, மன்னார்குடி, தீபங்குடி என ஜினாலயங்கள் விளங்கும் காவிரி நெல்நாட்டில் சோறே நம் முதன்மை உணவு. வேளைதோறும் ஒரு கைப்பிடி சோற்றைக் குறைத்துக் காயும் பயறும் சேர்க்கலாம். வாரத்திற்கு அரை முதல் 1 கிலோ வரை குறைந்தால் போதும்.

நீரைக் குறைப்பது பெரும்பிழை. பட்டினியின் முதல் சில நாள்களில் குறையும் எடையில் பெரும்பகுதி நீரே, கொழுப்பன்று. இராவுணவு நீத்தோர், வடிகட்டிக் காய்ச்சிய நீரைப் பகலிலேயே சிறுகச் சிறுகப் பருகிவிடல் வேண்டும். சித்திரை வெயிலில் சற்று மிகுதியாக. அடர்மஞ்சள் சிறுநீர், தலைச்சுற்றல் ஆகியன நீர்க்குறைவின் அறிகுறிகள். நீரிழிவு, சிறுநீரக நோய் உடையோர் மருத்துவரைக் கேட்டே நோன்பு ஏற்க. தவத்தின் நோக்கம் ஆசையை அடக்குதல். நோயை அழைத்தல் அன்று.